பியானோவுக்கு அழத் தெரியாது

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். கோபத்தில் இருக்கிறவர்களுக்குச் சளி, காய்ச்சல் எதுவும் கிட்டே வராது என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். போனில் பேசலாம் என்றால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மேசையில் வைத்தாலும் அது உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நான் விடுமுறை கொடுத்துவிட்டது உங்களுக்குத் தெரியும். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இருக்காது.

போன ஞாயிறு பிள்ளைகள் வீட்டில் நடந்ததற்கு வருகிறேன். என் மகனும் உங்கள் மகளும் பாவம், இரண்டு பேரும் வீட்டில் சோல் என்கிற மேற்கத்திய பாணிப் பாட்டு இசைத்தட்டு சேர்க்கிற ஒரு கிறுக்கைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள். இரண்டு கிறுக்கையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும். நீங்கள் பையிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்தீர்கள். நானும் எடுத்தேன். அதே பாட்டு. அதே நீல லேபிள். பெரிய பெரிய சேகரிப்பாளர்கள் காலமெல்லாம் தேடியும் கண்ணால் பார்க்காத தட்டு, ஒரே குடும்பத்தில் இரண்டு. அந்த நிமிஷம் நான் உங்களைப் பற்றி மிக உயர்வாக நினைத்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

உங்களுடையதை முதலில் போட்டோம். 'போறதுன்னா போ, கதவைச் சாத்திட்டுப் போ, குளிர் உள்ளே வருது' என்று வீட்டை விட்டுப் போகிறவனிடம் ஒருத்தி சொல்கிற பாட்டு. நன்றாகத்தான் இருந்தது. யார் இல்லை என்றார்கள்? பிறகு என்னுடையது. முதல் சரணத்தில் அடக்கிக்கொள்கிறாள். இரண்டாவதில் தொண்டை லேசாக அசைகிறது. கடைசிச் சரணத்தில் அந்தக் கதவு என்கிற சொல்லை நீட்டுகிறாள் பாருங்கள், அங்கே குரல் நடுங்கி ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, ஒரு மனுஷி உடைகிற சத்தம். அதற்காகத்தான் அவளுக்கு விம்மல்ராணி என்று நான் பெயர் வைத்தேன். எங்கள் லேத் பட்டறைக்குத் தட்டு கேட்க வருகிற எல்லோரும் இன்று அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். பேரும் புகழும் இல்லாமல் ஒரே ஒரு தட்டோடு காணாமல் போனவளுக்கு ஒரு பட்டம் கொடுத்தவன் நான்.

உங்கள் தட்டில் அந்த விம்மல் இல்லை. ஆகவே அது யாரோ பின்னால் அடித்த கள்ளத் தட்டு என்று சொன்னேன். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? டாக்டர் 'உங்களுக்குச் சளி' என்றால் எழுந்து போய்விடுவோமா? நீங்கள் தேநீரைத் தொடாமல், 'சம்பந்தி, உங்க காதை ஒரு நாள் என் கடைக்குக் கொண்டு வாங்க' என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனீர்கள். காது கேட்கும் கருவி விற்கிறீர்கள் என்பதற்காக என் காதைச் சொல்லலாமா? பத்து லேத் ஒன்றாக ஓடும்போது எந்த மெஷினில் எந்த பேரிங் தேய்கிறது என்று தெருமுனையிலிருந்தே சொல்கிற காது இது.

என் தட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு கப்பல் சமையற்காரர், புயலில் கப்பல் கவிழப் பார்த்தபோது மற்றவர்கள் சாமியைக் கும்பிட, இதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவர். அப்படிப்பட்ட தட்டு பொய் சொல்லாது.

இந்த மாதக் கடைசி ஞாயிறு பட்டறையில் எங்கள் கூட்டம். உங்கள் தட்டோடு வாருங்கள். எல்லோர் முன்னாலும் இரண்டையும் போட்டுப் பார்ப்போம். நீங்கள் தோற்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், சும்மா சிரிப்பேன்.

தங்கள் சம்பந்தி

மார்ச் 11

சம்பந்திக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. மேசையிலிருந்து என்னைப் பார்க்கிறதா என்று நானும் கவனித்தேன். இல்லை.

உங்கள் பொக்கிஷத் தட்டை உங்களுக்குக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி என்று பிள்ளைகள் கல்யாணத்தன்று சொன்னீர்கள். நீதிபதி கப்பலில் சமைத்தாரா என்பதைத் தெரிவிக்கவும்.

கள்ளத் தட்டு விஷயத்துக்கு ஒரே பதில். பாட்டு முடிந்து ஊசி வெறுமனே சுற்றுகிற வழவழப்பான இடத்தைப் பாருங்கள். அங்கே கையால் கீறிய எண் இருக்கும். உங்களுடையதிலும் என்னுடையதிலும் அதே எண், அதே கை, இடப்பக்கம் சாய்ந்த அதே ஏழு. இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. கூடப்பிறந்ததைக் கள்ளம் என்று சொல்லாதீர்கள்.

நம் சண்டை தட்டைப் பற்றியதே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அழுதால்தான் சோல் என்பது உங்கள் கட்சி. அழ வேண்டிய இடத்தில் ஒருத்தி நிமிர்ந்து நிற்பதுதான் சோல் என்பது என்னுடையது. அந்தக் கதவு என்ற சொல்லை அவள் அசையாமல் பிடித்து நிறுத்துகிறாளே, பின்னால் ஊதுகிற வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கி வழி விடுகின்றனவே, அதைக் கேட்கும்போதெல்லாம் என் முதுகு தானாக நிமிர்கிறது. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு காலையில் கடை திறக்கப் போகிறதற்கு முன் அந்த ஓரிடத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போவேன். அழுகிற ஒருத்தி என்னைக் கடை வரை கூட்டிப் போயிருக்க மாட்டாள்.

இப்போது உண்மையான விஷயம். உட்கார்ந்து படிக்கவும்.

செவ்வாயன்று ஒரு வயதான அம்மா காது சோதனைக்கு வந்தார். திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஹெட்போனை மாட்டி ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இந்த அம்மா பட்டனை அழுத்திவிட்டு, "இது கொஞ்சம் சுருதி இறங்கியிருக்கும்மா" என்றார். மெஷினைச் சரிபார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.

"பாடுவீங்களா?" என்று கேட்டேன்.

"சின்ன வயசுல. ஒரே ஒரு தட்டு. அதை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

என்ன பாட்டு என்று கேட்டேன். கதவைச் சாத்துகிற மாதிரி கையை அசைத்துக் காட்டி முதல் வரியை மெல்ல முனகினார். சம்பந்தி, என் கையிலிருந்த பேனா விழுந்துவிட்டது.

அவரிடம் அந்தத் தட்டு இல்லை. எப்போதோ தங்கைக்குக் கொடுத்து, தங்கை ஊர் மாறி, போய்விட்டது. அவர் குரலை அவர் கடைசியாகக் கேட்டது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. காது வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறது. கருவி பேச்சுக்கு உதவும், பாட்டைக் காப்பாற்றாது. இன்னும் கொஞ்ச காலம்தான். அதற்குள் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

உங்கள் தட்டைக் கொஞ்ச நாள் இரவல் தர முடியுமா?

இப்படிக்கு,
சம்பந்தி

மார்ச் 16

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உட்கார்ந்து படிக்கச் சொன்னீர்கள். நான் நின்றுகொண்டு படித்தேன், அதனால் உட்கார வேண்டியதாகிவிட்டது.

விம்மல்ராணி உயிரோடு இருக்கிறார். திரைச்சீலை தைத்தாராம். எனக்கு அப்போதே தெரியும். அந்தக் குரலில் ஒரு தையல்காரியின் நிதானம் இருக்கிறது என்று எங்கள் கூட்டத்துக்கு வருகிற பல் டாக்டரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவர் மறந்திருப்பார். மற்றவர்கள் பல்லைத் தவிர அவருக்கு எதுவும் நினைவில் நிற்காது.

இரவல் என்ற பேச்சே வேண்டாம். அந்தத் தட்டு என் இரும்பு அலமாரியை விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதே முதல் தடவை. அவரை இங்கே கூட்டி வாருங்கள். கடைசி ஞாயிறு கூட்டத்தையே அவருக்காக மாற்றிவிட்டேன். பட்டறைச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. பெரிய லேத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி, கை வைத்தது. வாசலில் ஒரு போர்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்: 'உலகம் வியந்த விம்மல்ராணி நேரில்'. உலகம் இன்னும் வியக்கவில்லைதான், ஆனால் போர்டு காய்வதற்குள் வியந்துவிடும். தட்டைப் போடுவதற்கு முன் அந்த விம்மலைப் பற்றி நான் ஒரு சிறு உரை நிகழ்த்துவேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது.

ஒரே ஒரு சந்தேகம். உங்களிடமும் அதே தட்டு இருக்கும்போது என்னுடையதைக் கேட்பானேன்? கடைசியில் உங்களுக்கே உங்கள் தட்டின் மேல் நம்பிக்கை இல்லை. சரி, சரி. ஜெயித்தவன் குத்திக் காட்டக் கூடாது. குத்திக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நீதிபதி, சமையற்காரர் இருவரும் ஒருவரே. தீர்ப்பு எழுதிச் சலித்துப்போய்க் கடலுக்குப் போனவர்.

தங்கள் சம்பந்தி

மார்ச் 20

சம்பந்திக்கு,

அந்தப் போர்டு இன்னும் காயாமல் இருந்தால் உடனே அழித்துவிடுங்கள்.

முதலில் என் தட்டைப் பற்றி. அன்று கோபத்தில் வந்து காரின் பின் கண்ணாடிக்குக் கீழே அதை வைத்தேன். திங்கள் மத்தியானம்தான் ஞாபகம் வந்தது. வெயிலில் வளைந்து கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. இத்தனை காலம் தட்டு சேர்த்தவள், யாரும் செய்யாத முட்டாள்தனம் செய்தேன். இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இரவல் என்று மட்டும் எழுதினேன். சிரிக்க வேண்டும் என்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்தது சிரிப்பதற்கு இல்லை.

நேற்று அந்த அம்மா கருவி வாங்க வந்தார். உங்கள் அழைப்பைச் சொன்னேன். மகிழ்ந்தார். விம்மல் என்ற சொல்லைச் சொன்னதும் முகம் மாறியது.

"யாரு அழுதா? நான் அழலியே."

பிறகு நடந்ததைச் சொன்னார். பதிவு செய்த அன்று, தட்டுக் கம்பெனி ஆள் கடைசிச் சரணத்தில் அழச் சொல்லியிருக்கிறான். அழுதால்தான் விற்கும் என்று. இவர் மாட்டேன் என்றிருக்கிறார். "அவன் போறான். நான் அழுதா, அவன் படியிலேயே நின்னு கேட்டுட்டுல்ல போவான். அந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல சார்னு சொன்னேன்." மறுபடி மறுபடி பாட வைத்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் நேராகவே பாடியிருக்கிறார். கடைசியில் அப்படியே கொஞ்சம் தட்டு அடித்துவிட்டு, இனி இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பிவிட்டான். அவ்வளவுதான் அவருடைய பாட்டு வாழ்க்கை. அழ மறுத்ததற்குக் கிடைத்த கூலி.

சம்பந்தி, அப்படியென்றால் உங்கள் தட்டில் அழுவது யார்?

இதைக் கேட்டுப் பாருங்கள். கடைசிச் சரணத்தில் அவள் குரல் ஏறி இறங்கும்போது, பின்னால் பியானோவும் அதே போல ஏறி இறங்குகிறது. பிள்ளைகள் வீட்டிலேயே எனக்குக் கேட்டது, கோபத்தில் சொல்லவில்லை. மனுஷி அழலாம், வயலின் அழலாம். பியானோவுக்கு அழத் தெரியாது. ஒரு கட்டையை அமுக்கினால் அந்தச் சுருதி அப்படியே நிற்கும், நடுங்காது. பியானோவும் நடுங்குகிறது என்றால் நடுங்குவது தட்டு. நடுத்துளை ஒரு பக்கமாக நகர்ந்து விழுந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு கொஞ்சம் வேகமாகி, கொஞ்சம் மெதுவாகிறது. வெளி ஓரத்தில் அது தெரியாது. உள்ளே போகப் போக வட்டம் சிறுத்து, கோணல் பெரிதாகக் கேட்கும். அதனால்தான் உங்கள் ராணி முதல் சரணத்தில் அடக்கிக்கொண்டு, கடைசியில் உடைகிறாள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். பாட்டு ஓடும்போது ஊசிக் கையைப் பக்கத்திலிருந்து பாருங்கள், இடமும் வலமும் ஆடும். உங்களிடம் இல்லாத அளவுக் கருவியா?

தன் குரலைக் கடைசியாக ஒரு தடவை கேட்க வருகிற அந்த அம்மா, தான் செய்ய மறுத்த அதே காரியத்தைத் தன் குரலே செய்வதைக் கேட்டுவிட்டுப் போகக் கூடாது.

சம்பந்தி

மார்ச் 23

சம்பந்தியம்மாவுக்கு,

பியானோவுக்கு அழத் தெரியாதா? பியானோக்காரன் ஒரு மனுஷன்தானே. பக்கத்தில் ஒருத்தி அப்படிப் பாடினால் அவன் கை நடுங்காதா? எனக்கே லேத் நடுங்கியிருக்கிறது.

கருவியெல்லாம் வைத்துப் பார்க்க மாட்டேன். சாமானை அளக்கலாம், சங்கீதத்தை அளக்கக் கூடாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இது உங்களோடு இருக்கட்டும். மகனுக்கும் தெரியாது. நானும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து பட்டறை வைத்திருந்தோம். ஒருநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், மெஷின் எல்லாம் போய்விட்டது, ஆளும் போய்விட்டான். தரையில் லேத் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும், சதுரம் சதுரமாக. என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். அன்று ஷட்டரை இறக்கிவிட்டு இந்தப் பாட்டைப் போட்டேன். அப்போதுதான் வாங்கியிருந்தேன். கப்பலும் இல்லை, நீதிபதியும் இல்லை, பழைய சாமான் கடையில் ஒரு பெட்டிக்கு அடியில் கிடந்தது. கடைசிச் சரணத்தில் அவள் அழுதாள். நான் அழவில்லை. அவள் அழுதுவிட்டாள், இரண்டு பேர் எதற்கு என்று விட்டுவிட்டேன். மறுநாள் போய் ஒரு பழைய லேத்தை வாடகைக்குப் பிடித்தேன்.

இப்போது வந்து அவள் அழவே இல்லை என்கிறீர்கள்.

போர்டு காய்ந்துவிட்டது.

சம்பந்தி

மார்ச் 26

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை நிறையத் தடவை படித்தேன்.

ஞாயிறு மாலை அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். போர்டைப் பற்றி எச்சரித்தேன். "போர்டு தானே, படிக்காம உள்ள போயிடலாம்" என்கிறார். அவருக்கு உங்களைப் பிடித்துவிடும் என்று நினைக்கிறேன்.

அங்கே எதை, எப்படிப் போடுகிறீர்கள் என்பது உங்கள் பட்டறை, உங்கள் கை. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சம்பந்தி

ஏப்ரல் 2

பேரன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கூட்டம் முடிந்து இன்னும் என் காது குளிர்ந்தே இருக்கிறது. நீங்கள் அவசரமாக ரயிலைப் பிடிக்கப் போய்விட்டதால் முழு விவரமும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆகவே வரலாற்றுக்காக எழுதுகிறேன்.

துளை கோணலாக இருக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம். உங்கள் கடிதம் அதை உறுதிப்படுத்தியது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை தட்டைச் சுழல விட்டு, பாட்டு முடிகிற கோட்டின் ஓரத்தில் ஓர் ஊசி முனையை நிறுத்தி, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கோடு ஊசியை நெருங்குகிறது, விலகுகிறது, நெருங்குகிறது. ஒரு மயிரிழைதான். அந்த மயிரிழைக்குள் ஒரு மனுஷியின் அழுகை மொத்தமும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

வேறு எவனாக இருந்தாலும் துளையை ராவிப் பெரிதாக்கித் தட்டைக் கெடுத்திருப்பான். நான் என்ன செய்தேன்? சின்னத் தட்டுக்கு நடுவில் ஒரு வளையம் போடுவோமே, அதைப் பித்தளையில் கடைந்தேன். அந்த வளையத்தின் ஓட்டையை, தட்டு எவ்வளவு கோணலோ அவ்வளவுக்கு எதிர்ப்பக்கம் கோணலாக வைத்தேன். கோணலும் கோணலும் சேர்ந்தால் நேர். முதல் வளையம் சரியில்லை. இரண்டாவதும் இல்லை. நான்காவதோ ஐந்தாவதோ போட்டபோது ஊசிக் கை ஆடாமல், அசையாமல், சிலை மாதிரி நின்றது. இந்த வேலையை உலகத்தில் செய்யத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கலாம். மற்ற இரண்டு பேரை நான் கேள்விப்பட்டதில்லை.

கூட்டம் தெரு முழுக்க நின்றது. போக்குவரத்தைத் திருப்பிவிட வேண்டியதாகிவிட்டது. போர்டைக் காற்று தள்ளிவிட்டது, நான் ஒன்றும் செய்யவில்லை. பாட்டு முடிந்ததும் பல் டாக்டர் ஏதோ கேட்டார். சுழற்சி, வேகம், வட்டம் எல்லாவற்றையும் எடுத்து நான் ஒரு மணி நேரம் விளக்கினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. எல்லோர் வாயையும் திறக்கச் சொல்கிறவர், பாவம்.

தட்டு பத்திரமாக இருக்கிறது. அலமாரிக்குப் பெயின்ட் அடிப்பதால் அந்த அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று, அவர் ரொம்பக் கெஞ்சிக் கேட்டதால், விட்டுவைத்திருக்கிறேன்.

தங்கள் சம்பந்தி

ஏப்ரல் 6

அன்புள்ள சம்பந்திக்கு,

வரலாறு கிடைத்தது. சில திருத்தங்கள்.

மழை பெய்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் என் கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். போக்குவரத்து என்று நீங்கள் சொல்வது ஒரு சைக்கிள். காற்று தள்ளியதாகச் சொல்கிற போர்டின் எழுத்தெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து அழிக்கப்பட்டு, சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை.

நான் ரயிலுக்குப் போகவில்லை, அந்த அம்மாவைத் திரும்ப அழைத்துப் போக வண்டி சொல்லத்தான் வெளியே போனேன். குடை எடுக்கத் திரும்பி வந்து, கடைசி வரை கிரைண்டிங் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தேன். ஆகவே எல்லாம் பார்த்தேன்.

பாட்டு ஓடும்போது அந்த அம்மா கருவியைக் காதிலிருந்து கழற்றிவிட்டுக் கையை உங்கள் ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார். கடைசிச் சரணம் வந்தது. அந்தச் சொல் வந்தது. நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் நின்றது. என் தட்டில்கூட அது அவ்வளவு நேராக இருந்ததில்லை, சம்பந்தி. என் தட்டும் கொஞ்சம் கோணல்தான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முடிந்ததும் அந்த அம்மா யாரையும் பார்க்காமல், "பொண்ணு நல்லாத்தான் பாடியிருக்கா" என்றார், பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்கிற மாதிரி.

அப்போதுதான் பல் டாக்டர் கேட்டார். "என்ன மாமா, விம்மல் எங்க போச்சு? இத்தனை வருஷமா எங்களைக் கேட்க வச்சீங்களே?"

நீங்கள் ஒரு மணி நேரம் விளக்கவில்லை. உங்கள் வாழ்க்கையிலேயே சுருக்கமான பதிலைச் சொன்னீர்கள்.

"அது இவங்களோடது இல்ல டாக்டர். என்னோடது."

அவ்வளவுதான். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த அம்மா கருவியை மாட்டிக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்டதா தெரியாது. ஆனால் திரும்பி உங்களை ஒரு தடவை பார்த்தார்.

அவர் தட்டைக் கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. எல்லோரும் போன பிறகு அவர் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, நீங்களே உறையோடு அதை எடுத்து அவர் துணிப்பைக்குள் வைத்தீர்கள். பித்தளை வளையத்தைக் கைக்குட்டையில் சுற்றி, அதையும் வைத்தீர்கள். அவர் நிமிர்ந்து, "ஐயோ, உங்ககிட்ட இது ஒண்ணுதானே இருக்கு" என்றதற்கு, "என்கிட்ட இருந்தா இது அழுதுகிட்டேதாம்மா இருக்கும், கொண்டு போங்க" என்றீர்கள்.

நான் இத்தனை காலம் தட்டுக்காரர்களோடு பழகியிருக்கிறேன். கடன் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மாற்றிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உலகத்தில் ஓடுகிற ஒரே பிரதியை எடுத்து இன்னொருவர் பையில் போட்டவரை இப்போதுதான் பார்க்கிறேன். அவர் தினமும் காலையில் கேட்கிறாராம். எழுந்ததும் காது கொஞ்சம் தெளிவாக இருக்கிற நேரம் அது.

இத்தனை பெருமை அடிக்கிற மனிதர், பெருமை அடிக்க வேண்டிய அந்த ஒன்றை மட்டும் ஏன் எழுதவில்லை? அலமாரிக்குப் பெயின்ட் என்று ஏன் எழுதினீர்கள்?

அன்புடன்,
சம்பந்தி

ஏப்ரல் 10

சம்பந்தியம்மாவுக்கு,

காது சோதிக்கிறவருக்குக் கண் இவ்வளவு நன்றாகத் தெரியக் கூடாது. குடையை மறப்பவர்களை நான் இனிமேல் நம்பப் போவதில்லை.

தட்டு எங்கே என்று பல் டாக்டர் தினமும் கேட்கிறார். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டது என்று சொல்லியிருக்கிறேன். அவர் உங்களிடம் கேட்டால் நாட்டின் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள், நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதாக எழுதிப் பார்த்தேன். கிழித்தேன். ஒரு மந்திரியை வரவழைத்து அவர் கையால் கொடுக்க வைத்தேன். அதையும் கிழித்தேன். கப்பலைக்கூட ஒரு தடவை கொண்டு வந்து பார்த்தேன். எதுவும் அதன் மேல் ஒட்டவில்லை.

உங்களுக்குப் பட்டறை வேலை தெரியாது, அதனால் சொல்கிறேன். அளவு சரியாக வந்துவிட்ட சாமானை யாரும் மறுபடி லேத்தில் ஏற்ற மாட்டார்கள்.

தங்கள் சம்பந்தி